பேரேடு யார் வீட்டில்?

மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்திலுள்ள செப்பேடுகள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையானவை. சேர மன்னர் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குத் தந்த உரிமைகள் அவற்றில் வட்டெழுத்தில் உள்ளன. யூதர்கள் பத்திரத்தைத் தங்கள் காவலிலேயே வைத்துக்கொண்டார்கள். 2017-இல் அதன் பிரதி இஸ்ரேலுக்கும் போயிற்று.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோருக்கும் இதே கவலைதான். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்', ஒவ்வொரு திருத்தத்தையும் பேரேடு போல் பதிந்து வைக்கிறது. அந்தப் பேரேட்டை அயலார் கடையில் வைத்தால்? 'கூகுள் கோட்' 2016-இல் மூடப்பட்டபோது, அதுவரை அங்கு வைத்திருந்தவர்கள் மூட்டை கட்ட நேர்ந்தது. ஆகவே சிலர் வீட்டுச் சேமிப்புப் பெட்டியிலேயே 'கிட்டீ' என்ற இலவச சர்வரை நிறுவிக்கொள்கின்றனர். (ஓட்டல் சர்வர் அல்ல!)

இதை இறக்குவது கன்டெய்னரில். கொச்சிக்காரருக்கு வல்லார்பாடம்தான் நினைவுக்கு வரும், பொருத்தமும் அதுவே. புரோகிராமும் அதற்கு வேண்டிய சாமான்களும் ஒரே கூட்டுக்குள். பழையதை வீசிவிட்டுப் புதியதை இறக்கலாம். ஆபத்தும் அங்கேதான். பேரேட்டைக் கூட்டுக்குள்ளேயே விட்டிருந்தால் கூட்டோடு அதுவும் போயிற்று! பெட்டியின் டிஸ்க்கில் தனி ஃபோல்டர் ஒதுக்கி, வெளியே வைக்கவேண்டும்.

இரண்டு டிஸ்க் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும். கை தவறி அழித்தாலோ இரண்டிலும் அழியும். கிட்டில் முழு வரலாற்றையும் பிரதி எடுக்கலாம். ஆனால் சர்வரிலுள்ள பயனர் விவரம், புகார்க் குறிப்புகள் அதில் வாரா. அவற்றையும் தனியே பிரதியெடுத்து, சொந்த ஊரில் தம்பி வீட்டு அலமாரியில் வைப்பது உத்தமம்.