குதிரையேற்றம் என்னும் மருத்துவம்

குதிரை என்றவுடன் போர்க்களமும் அரச பவனியும் பந்தயத் திடலுமே நம் நினைவுக்கு வருகின்றன. வலிமையுடையோர் ஏறிச் செலுத்தும் விலங்கு அது என்பதே பொதுவான எண்ணம். நடக்க இயலாதவரையும், நிமிர்ந்து உட்கார இயலாத குழந்தையையும் அதன் முதுகில் அமர்த்துவது மருத்துவத்தின் ஒரு கூறு என்று கூறினால், மாணவர்களாகிய நீங்கள் வியப்படையக்கூடும். அஃது எவ்வாறு பயன் தருகிறது, அதன் எல்லை யாது என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதற்கண் ஒரு வரலாறு. டென்மார்க் நாட்டில் லிஸ் ஹார்ட்டல் என்னும் பெண்மணி குதிரையேற்றத்தில் தேர்ச்சி பெற்று விளங்கினார். 1944-ஆம் ஆண்டில், தம் 23-ஆம் வயதில், கருவுற்றிருந்த வேளையில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. உடல் செயலிழந்தது, எனினும் குழந்தை நலமாகப் பிறந்தது. இடைவிடாத பயிற்சியால் அவர் படிப்படியாகத் தேறினாலும், முழங்காலுக்குக் கீழ் இயக்கம் மீளவே இல்லை. பிறர் துணையின்றிக் குதிரைமேல் ஏறவும் இயலாது, இறங்கவும் இயலாது.

குதிரையேறுவோர் தம் கெண்டைக்காலால் குதிரையின் விலாவை அழுத்திக் குறிப்புத் தருவது வழக்கம். ஹார்ட்டலுக்கோ அந்தக் கால் பயன்படவில்லை. ஆகவே உடற்பாரத்தைச் சிறிதே சாய்த்தும், முதுகை அசைத்தும் குறிப்புத் தரப் பழகினார். ஜூபிலி என்ற அவருடைய பெட்டைக் குதிரையும் அக்குறிப்புகளை உணரக் கற்றுக்கொண்டது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையின் நடையொழுங்கைச் சோதிக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டி, பெண்களுக்கும் முதன்முறையாகத் திறந்துவிடப்பட்டது. அதில் ஆடவருடன் போட்டியிட்டு ஹார்ட்டல் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-ஆம் ஆண்டிலும் வெள்ளியே பெற்றார். அவருடைய வெற்றி ஐரோப்பாவில் பலருடைய கண்களைத் திறந்தது. 1969-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்பயிற்சிக்கெனவே சங்கங்கள் அமைந்தன. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் ஒரு போட்டியாக இடம்பெற்றது.

இனி, இதன் நுட்பத்தைக் காண்போம். நாம் நடக்கும்போது நம் இடுப்பெலும்பு மூவகையாக அசைகிறது: முன்னும் பின்னுமாக, இடமும் வலமுமாக, சற்றே திரும்பியும் அசைகிறது. குதிரை மெல்ல நடக்கையில் அதன் முதுகும் ஏறத்தாழ இவ்வாறே அசைந்து, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பையும் அசைக்கிறது. தன் கால்களால் ஒருநாளும் நடந்தறியாத குழந்தையின் இடுப்பும் முதுகுத் தண்டும் நடையின் தாளத்தை அங்கே முதன்முதலாக உணர்கின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் வைக்கிறது குதிரை. ஒவ்வோர் அடிக்கும் உடல் சாய்கிறது. சாய்ந்த உடலை நிமிர்த்த வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் முயல்கின்றன. பத்து நிமிடத்தில் ஆயிரம் முறை இம்முயற்சி நிகழ்கிறது. குழந்தையோ தான் சவாரி செய்வதாகவே மகிழ்கிறது! பெருமூளை வாதத்தால் இறுகிய தொடைகளும், குதிரையின் அகன்ற முதுகில் விரிந்து அமர்வதால் மெல்ல நெகிழ்கின்றன.

இப்பயிற்சி இருவகைப்படும். ஒன்றில், குதிரையின் அசைவையே மருந்தாகக் கொண்டு, தகுதி பெற்ற சிகிச்சையாளர் உடலுக்குப் பயிற்சி அளிப்பார். ஏறியிருப்பவர் குதிரையைச் செலுத்துவதில்லை. மற்றொன்றில், அவரே கடிவாளம் பிடித்துச் செலுத்தக் கற்கிறார். தொடக்கத்தில் ஒருவர் குதிரையை நடத்திச் செல்ல, தேவைக்கேற்ப இருமருங்கிலும் துணைவர் நடப்பர். தலைக்கவசம் இன்றியமையாதது. சக்கர நாற்காலியில் வருவோர் ஏறுவதற்குச் சாய்தளம் அமைப்பர். குதிரையும் சாந்தமானதாக, திடுக்கிடாததாக இருத்தல் வேண்டும்.

இது சர்வரோக நிவாரணி அன்று. அறுந்த நரம்பை இஃது ஒட்டவைக்காது. சில குழந்தைகளுக்கு உட்காரும் நிலையும் சமநிலையும் மேம்படுகின்றன. எல்லோர்க்கும் ஒரே அளவில் பயன் கிட்டுவதில்லை. முதுகெலும்பு உறுதியற்றவர், இடுப்பு மூட்டு விலகியவர், கட்டுக்குள் அடங்காத வலிப்புடையவர் ஆகியோருக்கு இது தீங்கும் விளைக்கலாம். ஆகவே மருத்துவரின் சம்மதமின்றித் தொடங்கலாகாது.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் பல பள்ளிகளில் ஒரு காட்சியைக் கண்டிருக்கிறேன். உடற்பயிற்சி வேளையில், கால் வலுவற்ற பிள்ளையை மரநிழலில் அமர்த்தி, ஏனையோரின் புத்தகப் பைகளைக் காக்கச் சொல்வார்கள். இரக்கத்தால் செய்வதே அது. ஆயினும் அங்குள்ள அத்தனை பிள்ளைகளிலும் பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுவது அந்த ஓர் உடலுக்கன்றோ? இரக்கம் அப்பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறது. அறிவோடு கூடிய அன்பே அதற்கேற்ற பயிற்சியைத் தேடுகிறது.

குதிரை வளர்ப்பது செலவு மிக்கது. ஒவ்வோர் ஊரிலும் அது கிட்டாது. ஆனால் அதன் பின்னுள்ள கருத்துக்குச் செலவில்லை. உங்கள் வகுப்பில் அத்தகைய தோழர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு எந்த ஆட்டம் பொருந்தும், எந்தத் துணை வேண்டும் என்று அவரையே கேளுங்கள். ஆசிரியரையும் மருத்துவரையும் கலந்துகொள்ளுங்கள். பைகள் தாமாகவே மரத்தடியில் கிடக்கட்டும்.