வீட்டுக்குள் ஓர் அகலத்திரை



ஈராண்டுகளுக்கு முன்னர் என் மருமகன் எங்கள் இல்லத்துப் பின்னறையில் ஒரு படத்திரையை அமைத்தான். உயரம் 4 அடி. அகலமோ ஏறக்குறைய 9½ அடி. அதனைச் சாளரத்தினூடே கண்ட அயலவர் ஒருவர், "அதிபர் ஐயா, வீட்டுக்குள்ளேயா வேட்டி உலர்த்துகிறீர்கள்?" என்று வினவினார். அவர்மீது குற்றமில்லை. எனக்கும் அவ்வாறே தோன்றியது.

திரை இவ்வாறு நீண்டு கிடப்பதற்குக் காரணம் உண்டு. முற்காலப் படங்களில், உயரம் 3 அடியானால் அகலம் 4 அடிக்குச் சற்றே மிகுதியாயிருக்கும். தொலைக்காட்சியும் ஏறத்தாழ அவ்வடிவையே கைக்கொண்டது. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியை நாடிப் படமாளிகைகளை மறக்கலாயினர். வீட்டிற் கிடைக்காத ஒன்றைக் காட்டினாலன்றி அவர்களை மீட்க இயலாது எனப் பட முதலாளிகள் கண்டனர். பிரான்சு நாட்டுப் பேராசிரியர் ஆன்றி கிரேத்தியன் என்பவர் 1920களிலேயே ஒரு வில்லையை அமைத்திருந்தார். அஃது அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் ஒடுக்கிச் சாதாரணப் படச்சுருளிற் பதிக்கும். காட்டும்போது அதனையொத்த மற்றொரு வில்லை அதனை மீண்டும் விரிக்கும். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதனைப் பெற்று, 'தி ரோப்' என்னும் படத்தை 1953 செப்டெம்பரில் வெளியிட்டது. சினிமாஸ்கோப் என்பது அதுவே. தமிழில் அது 1973இல் 'ராஜராஜ சோழன்' வாயிலாக வந்தது. மக்களை வீட்டினின்று வெளியே அழைப்பதற்கென்று விரிந்த திரை இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து குடிபுகுந்துவிட்டது!

இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியும், புரொஜெக்டர் என நாம் வழங்கும் படமெறி கருவியும் 16க்கு 9 என்ற அளவின. பழைய வடிவுக்கும் அகன்ற வடிவுக்கும் இடைப்பட்ட ஓர் உடன்பாடு இது. இதிற் சினிமாஸ்கோப் படத்தைக் காட்டினால் மேலும் கீழும் கரும்பட்டைகள் தோன்றும். படமாளிகையில் எல்லாவற்றினும் பெரிதாயிருந்த படம் வீட்டில் எல்லாவற்றினும் குள்ளமாகிவிடும். அகலத்திரை இந்த முறைகேட்டையே நீக்குகின்றது. எப்படமாயினும் உயரம் 4 அடியே. அகலம் மட்டும் படத்துக்கேற்ப மாறும். பழைய படம் 5 அடி 4 அங்குலம், தொலைக்காட்சி நிகழ்ச்சி 7 அடி 1 அங்குலம், சினிமாஸ்கோப் படம் முழுத்திரை. இருக்கைகளை உயரத்தின் மும்மடங்கு தொலைவில், அஃதாவது 12 அடியில் இட்டோம். எந்தப் படத்துக்கும் கதிரைகளை நகர்த்தவேண்டியதில்லை.

ஆனால் பழைய படம் ஓடுகையில் இருமருங்கிலும் இரண்டடிக்கு மேல் வெறுமையாய்க் கிடக்கும். மருமகனுக்கு அது பொறுக்கவில்லை. 'பராசக்தி'யை ஒருநாள் இழுத்து விரித்து முழுத்திரையிலும் நிரப்பினான். எங்களோடு வாழும் என் தமையனார் 1952ஆம் ஆண்டுப் படமாகிய அதனை இளமையிற் பலமுறை பார்த்தவர். சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, "இவர்கள் எவரும் இத்துணைப் பருமனாக இருந்ததில்லையே, தம்பி" என்றார். அன்றோடு இழுப்பதை விட்டோம். வெறுமையை மறைக்க இரு கருந்துணித் திரைச்சீலைகள் போதுமாயின.

இனி, கருவி எவ்வாறு முழுத்திரையை நிரப்புகின்றது என்பதைக் கூறவேண்டும். விலையுயர்ந்த வழி, அன்று கிரேத்தியன் கண்ட வகையிலான வில்லையைக் கருவியின் முன்னே பொருத்துவது. நாங்கள் மேற்கொண்டது எளிய வழி. கருவியின் உருப்பெருக்கத்தைக் கூட்டினால், கரும்பட்டைகள் திரைக்கு மேலே 8 அங்குலமும் கீழே 8 அங்குலமும் வழிந்து சுவரில் விழும். படம் மட்டும் திரையிற் பொருந்தும். கருவியின் 1080 வரிகளில் எண்ணூற்றுச் சொச்சமே படத்துக்குப் பயன்படும், மீதி வீண். கரும்பட்டை எனினும் அது முற்றும் கருமையன்று, மங்கிய ஒளி கசியும். ஆதலால், பொருத்த வந்த தொழிலாளர் திரையைச் சுற்றிக் கருந்துணி ஒட்டிச் சென்றார். அறை அழகுபெற்றது. அத்துணியே எங்களுக்கு இடராக முடிந்தது.

தமையனாருக்குச் செவிப்புலன் மிகவும் குன்றிவிட்டது. பிறமொழிப் படமாயினும் தமிழ்ப்படமாயினும் அடியில் வரும் எழுத்துரையைப் படித்தே கதையைத் தொடர்வார். புதிய திரையில் இரண்டு படங்களை அமைதியாகப் பார்த்தார். மூன்றாவது படத்தின் நடுவே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிட்டார். முதுமையின் சலிப்பென்று நாங்கள் எண்ணினோம். ஒரு மாதம் அவ்வாறே கழிந்தது. பின்னர் ஒருநாள், ஒலியை அடக்கிப் படம் பார்க்க நேர்ந்தபோதுதான் எனக்கு உண்மை புலப்பட்டது. குறுந்தட்டுக்கள் பலவற்றில் எழுத்துரையின் ஒரு வரி படத்தின்மீதும் மறுவரி கீழ்க் கரும்பட்டையிலும் அமைந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த மறுவரி கருந்துணியில் விழுந்து மறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பேச்சிலும் பாதியை மட்டும் படித்து, எவரிடமும் சொல்லாமல், அவர் எழுந்து சென்றிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிள்ளை ஆசையாய்ச் செய்தது" என்றார்.

பரிகாரம் கடினமன்று. எழுத்துரையை மேலே உயர்த்திப் படத்துக்குள் நிறுத்தும் வசதி சில இயக்கிகளில் உண்டு, எங்களுடையதில் இல்லை. ஆகவே உருப்பெருக்கத்தைக் குறைத்து, 7 அடி அகலமும் 3 அடி உயரமுமாகப் படத்தைத் திரையின் நடுவே காட்டுகிறோம். அப்போது கீழ்ப்பட்டையும் எழுத்தும் திரைக்குள்ளேயே நிற்கும். இடையிடையே வடிவம் மாறும் படங்களுக்கும் இதுவே வழி. 2008ஆம் ஆண்டின் 'தி டார்க் நைட்' படத்தட்டில் சில காட்சிகள் திடீரென உயர்ந்து, பெருக்கிய நிலையில் எங்கள் திரைக்கு மேலும் கீழும் வழிந்தோடின.

திரை வாங்க எண்ணும் நேயர்கள், அகலத்தை அளக்குமுன் தம் வீட்டில் எழுத்துரை படிப்பவர் எவரேனும் உளரோ என்று கேட்டுக்கொள்க. மருமகன் இப்போது எழுத்துரையை உயர்த்தவல்ல இயக்கி ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறான். அதுவரை எங்கள் 9½ அடித் திரையிற் பெரும்பாலும் 7 அடிப் படமே ஓடுகின்றது. சாய்மனைக் கதிரையையும் விறாந்தையிலிருந்து பின்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.