பசிக்கு முகவரி தந்தவர்!

குட்டீஸ்... ராயப்பன்பட்டி பன்னீர் திராட்சைப் பந்தலைத் தாண்டும்போதே பசிக்கிறதா? அதில், வயிற்றோடு மூளைக்கும் பங்கு உண்டு.

மூளையின் அடியில், 'ஹைப்போதலாமஸ்' என்ற சிறு பகுதி உள்ளது. பல ஹார்மோன் சுரப்பிகளை ஆட்டி வைப்பது இதுதான். அமெரிக்காவின் யேல் பல்கலையில், நம் நாட்டு விஞ்ஞானி பால் கிருஷ்ண ஆனந்த், ஜான் புரோபெக் என்பவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். இதன் இரு பக்கவாட்டிலும் ஒரு சின்னஞ்சிறு இடத்தைச் செயலிழக்கச் செய்ததும், எலிகள் உண்பதையே நிறுத்தி விட்டன. உணவு எதிரில் இருந்தும் பட்டினி! பாவம்தான் அந்த எலிகள். 1951ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர். பின்னாளில் ஆனந்த், டில்லி எய்ம்ஸில் உடலியல் பேராசிரியராக விளங்கினார்.

விஞ்ஞானிகளுக்கு உங்களைப் போல ரேங்க் கார்டு கிடையாது. புதிதாகக் கட்டுரை எழுதுபவர், 'இதை முன்பே கண்டவர் இவர்' என்று பெயர் சொல்வார். அதுவே மேற்கோள். அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு, யாரை யார் மேற்கோள் காட்டினர் என்று தொகுத்து, 1964ல் அட்டவணையாக வெளியிட்டார். அதை வைத்து எண்ணவும் தொடங்கினர். ஆனால், 'இவர் சொன்னது தவறு' என்று எழுதினாலும் எண்ணிக்கை கூடுமே!

பசி, ஒரே இடத்தின் வேலையல்ல என்று பிறகு தெரிந்தது. 1994ல், கொழுப்பிலிருந்து மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் ஹார்மோன் வெளிப்பட்டது. ஆனாலும், பசியை ஆராய்பவர்கள் அந்த 1951 கட்டுரையை இன்றும் குறிப்பிடுகின்றனர்.