சிடி பாட்டு இனிமையாக ஒலிக்க எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டு அலமாரியில் கிடக்கும் ஆடியோ சிடிக்களைத் தூசி தட்டி எடுப்பதுதான். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் இருப்பதில்லை. அதனால் கவலையில்லை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கினால் போதும், பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் பிரச்னை தொடங்குகிறது. "இதைச் சிடியின் ஓரத்தில் பூசுங்கள், குரல் தெளிவாகும்", "இந்த வளையத்தை மாட்டுங்கள், பேஸ் அதிகமாகும்" என்று பல துணைப் பொருட்களைக் காட்டி ஆசை காட்டுவார்கள். சில நூறு ரூபாய் முதல் பல ஆயிரம் வரை விலை போகும். இவற்றில் எது உண்மையிலேயே பயன் தரும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிடியில் என்ன இருக்கிறது?

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980-ல் ஆடியோ சிடிக்கான வரையறையை உருவாக்கின. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. அன்று வகுத்த அளவுகள் இன்றும் மாறவில்லை. ஒரு விநாடி இசையை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடது, வலது என இரண்டு சேனல்கள். கணக்குப் போட்டால் விநாடிக்கு 1,76,400 பைட்கள்.

இந்த எண்கள் மிக நுண்ணிய பள்ளங்களாகச் சிடியில் பதிந்திருக்கின்றன. பாதை நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிச் சுருளாகச் செல்கிறது. இதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரும்! டிரைவில் உள்ள லேசர் ஒளி பள்ளங்களின் மீது பட்டுத் திரும்புவதைக் கொண்டு 0, 1 எனப் படிக்கப்படுகிறது.

தூசியும் கீறலும் இருக்கும் என்று தெரிந்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள். எங்கள் திருப்பூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எக்ஸ்போர்ட் பனியன்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது, ஒரே பெட்டியில் எல்லா சைஸையும் கலந்து வைப்பது உண்டு. ஒரு பெட்டி தொலைந்தாலும் எல்லா சைஸிலும் கொஞ்சம்தான் குறையும். ஒரு சைஸ் முழுவதும் இல்லாமல் போகாது. சிடியிலும் அடுத்தடுத்த எண்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் கலந்து எழுதுகிறார்கள். கூடவே சரிபார்க்கும் எண்களும் உண்டு. பாதையில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து படிக்க முடியாமல் போனாலும், விட்டுப்போன எண்களை டிரைவ் கணக்கிட்டு அப்படியே மீட்டுவிடும். அதைவிடப் பெரிய சேதமானால் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் 'டிக்' சத்தமும் தாவலும் வருகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எண்கள் சரியாகப் படிக்கப்பட்டுவிட்டால், அதற்கு மேல் 'இன்னும் சரியாக' படிக்க எதுவும் இல்லை.

விற்கப்படும் பொருட்கள்

பச்சை மார்க்கர்: சிடியின் ஓரத்தில் பச்சை மை பூசினால் சிதறும் லேசர் ஒளியை அது உறிஞ்சிக்கொள்ளும், ஒலி தெளிவாகும் என்ற நம்பிக்கை 1990 வாக்கில் அமெரிக்காவில் பரவியது. இதற்கென்றே தனிப் பேனாக்கள் விற்கப்பட்டன. சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. இது அகச்சிவப்பு எல்லையில் இருக்கிறது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை இந்த ஒளியையும் உறிஞ்சும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஓரத்தில் சிதறும் ஒளியால் எண்கள் மாறுவதும் இல்லை.

காந்தம் நீக்கும் கருவி: கேசட் காலத்தில் இதற்குத் தேவை இருந்தது. டேப்பில் பாட்டு காந்தமாகத்தான் பதிவாகும். சிடி என்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும்தான். அலுமினியம் இரும்பைப் போலக் காந்தத் தன்மை ஏற்பதில்லை. பாட்டும் அதில் காந்தமாகப் பதியவில்லை. எனவே நீக்குவதற்கு ஒன்றும் இல்லை.

வளையம், மேட்: சிடி அதிராமல் சுழல உதவும் என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டுச் சிடி பிளேயரில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 500 சுற்று வேகத்தில் ஓடும். கம்ப்யூட்டர் டிரைவ் காப்பி எடுக்கும்போது அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழற்றும். அப்போது எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதிர்வு கூடத்தான் செய்யும். மெல்லிய யுஎஸ்பி டிரைவ்களில் தட்டுக்கு மேலே இடைவெளியும் குறைவு. ஒட்டிய வளையம் உள்ளே சிக்கினால் சிடியும் போகும், டிரைவும் போகும். கம்ப்யூட்டர் டிரைவில் இதைப் போடவே கூடாது.

விலை உயர்ந்த யுஎஸ்பி கேபிள்: கேபிள் பழுதில்லாமல் இருந்தால் போதும். டிரைவ் படித்த எண்கள் முதலில் மெமரியில் சேர்கின்றன. அங்கிருந்து சவுண்ட் கார்டில் உள்ள கிரிஸ்டல் கடிகாரத்தின் கணக்குப்படி வெளியே வருகின்றன. எனவே தட்டின் வேகம் சற்றுக் கூடிக் குறைவதும், கேபிளின் தங்க முலாமும் இசையின் நேரக் கணக்கைப் பாதிப்பதில்லை.

லென்ஸ் கிளீனர் சிடி: சிறு பிரஷ் ஒட்டப்பட்ட தட்டு இது. லென்ஸில் தூசி படிந்து சிடியைப் படிக்கத் திணறும் டிரைவுக்குச் சில நேரம் உதவும். நன்றாகப் படிக்கும் டிரைவில் இதை மாதந்தோறும் ஓட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

நீங்களே சோதிக்கலாம்

எங்கள் தெருவில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அண்ணன் ஒருவர், இளையராஜா படப் பாடல் சிடிக்களை இருபது வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். சில சிடிக்கள் இப்போது கடைகளில் கிடைக்காதவை. மகளின் படிப்புக்காக லேப்டாப் வாங்கினார். கூடவே டிரைவும் வாங்கினார். மார்க்கர், காந்தம் நீக்கி, வளையம் என்று ஒரு செட் வாங்கச் சொல்லி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங் தம்பி, ரெண்டு மாசச் சீட்டுப் பணத்தை இதுல போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்ணா, மொதல்ல சோதிச்சுப் பார்த்துருவோம்" என்றேன்.

நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன். ஒரு மாற்றம் செய்தால் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். இதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். இது சிடியில் உள்ள பாட்டை ஃபைலாக எடுத்துத் தரும். ஒவ்வொரு பாட்டுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் காட்டும். பாட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஒரு சிடியிலிருந்து பாட்டுக்களை எடுங்கள். சிஆர்சி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அதே சிடியில் நீங்கள் சோதிக்க விரும்பும் பொருளைப் பயன்படுத்துங்கள்.

3. மீண்டும் அதே பாட்டுக்களை எடுங்கள். எண்களை ஒப்பிடுங்கள்.

அண்ணனிடம் ஒரே படத்தின் சிடி இரண்டு இருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் சாதாரணப் பச்சை மார்க்கரைப் பூசினோம். பூசுவதற்கு முன்பு வந்த எண்களும் பின்பு வந்தவையும் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாகவே இருந்தன. அண்ணனின் சீட்டுப் பணம் தப்பியது!

"எண் ஒன்றாக இருக்கலாம், என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே" என்று நீங்கள் சொல்லலாம். அதையும் சோதிக்கலாம். எது எந்தச் சிடி என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றி மாற்றிப் போடட்டும். பத்து முறை கேட்டுச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் பத்தும் சரியாகச் சொல்ல 1,024-ல் ஒரு வாய்ப்புதான் உண்டு. எனவே பத்துக்குப் பத்து சொன்னால் ஏதோ இருக்கிறது என்று நம்பலாம். ஐந்து ஆறுதான் சரி என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் உண்மையான எதிரி

அண்ணனின் சிடிக்களில் இரண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்களைக் காட்டின. காரணம் பஞ்சு. நல்லூர் போன்ற இடங்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிட்டிங் மெஷினோ, தையல் யூனிட்டோ ஓடும். காற்றில் பறக்கும் பஞ்சும் தூசியும் சிடியிலும் லென்ஸிலும் படியும்.

சிடியைத் துடைக்க பனியன் துணியே போதும். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் புது வேஸ்ட் துணி வேண்டாம். அது பஞ்சு விடும். ஃபினிஷிங்கில் போட்ட சாஃப்ட்னரும் அதில் இருக்கும். பலமுறை துவைத்துப் பழசான வெள்ளை பனியன்தான் நல்லது.

துடைக்கும் திசை முக்கியம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். பாட்டின் பாதை வட்டமாகச் செல்கிறது. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது பாதையோடு நீளமாகப் போய், டிரைவால் மீட்க முடியாத அளவுக்கு எண்களை மறைத்துவிடும். நேர்க் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் தொடும். அதை டிரைவ் சமாளித்துவிடும்.

அழுக்கு போகவில்லை என்றால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெந்துவிடும். சிடியின் அச்சிட்ட மேற்பக்கத்தையும் கவனமாகக் கையாளுங்கள். அலுமினியப் பூச்சு அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பூச்சு பெயர்ந்து, அந்த இடத்தில் பாட்டு நிரந்தரமாகப் போய்விடும்.

மெல்லிய யுஎஸ்பி டிரைவில் தட்டைத் திறந்தால் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். கேபிளைக் கழற்றிவிட்டு, கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் மெதுவாக ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும்.

அந்த இரண்டு சிடிக்களையும் கழுவி, லென்ஸையும் ஊதிய பிறகு ஒன்று சரியாகிவிட்டது. மற்றொன்றில் கடைசிப் பாட்டு மட்டும் தேறவில்லை.

எதற்குச் செலவு செய்யலாம்?

முதலில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோன். எண்கள் சத்தமாக மாறும் இடம் அதுதான். லேப்டாப்பின் சிறு ஸ்பீக்கரிலிருந்து சுமாரான விலையுள்ள நல்ல ஹெட்ஃபோனுக்கு மாறினாலே யார் கேட்டாலும் வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கர்கள் இருந்தால் இரண்டையும் காது உயரத்தில், உங்களிடமிருந்து சம தூரத்தில் வையுங்கள். மூலையில் திணித்தால் பேஸ் 'கும்' என்று அடைத்துக்கொள்ளும். இடம் மாற்றுவதற்குக் காசு தேவையில்லை.

அடுத்து, பாட்டு நின்ற பிறகும் ஹெட்ஃபோனில் இரைச்சல் கேட்டால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கலாம். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். பல நேரம் குரல் அடைத்தது போல் கேட்பதற்கு அதுவே காரணம்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்கிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் அது எர்த் லூப். லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காக எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவோர் இருக்கிறார்கள். ஷாக் அடித்தால் உயிர் போகும். அந்த விபரீதம் வேண்டவே வேண்டாம்.

காப்பி எடுத்து வையுங்கள்

சிடி நிரந்தரமானதல்ல. சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் போல வெளிச்சம் தெரிந்தால் அலுமினியப் பூச்சு அங்கே போய்விட்டது என்று பொருள். கம்ப்யூட்டரில் எழுதிய சிடி-ஆர் என்றால் அதில் உள்ள சாயம் வெயில் பட்டு வெளுத்துவிடும்.

எனவே படிக்கும் நிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஃப்ளாக் ஃபைல்களாக எடுத்துவிடுங்கள். எம்பி3 போல ஒலியில் எதையும் வெட்டாமல், ஏறத்தாழ பாதி அளவாகச் சுருக்கும் முறை இது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் உள்ள அக்யுரேட்ரிப் வசதியை இயக்கினால், அதே சிடியை உலகில் வேறு யாராவது எடுத்துப் பதிந்திருந்தால் உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும். பிறகு ஃபைல்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

துணைப் பொருட்களுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டாவது காப்பிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம். அண்ணன் அதைத்தான் செய்தார். நீங்களும் இந்த வார விடுமுறையில் ஐந்து சிடிக்களிலிருந்து தொடங்குங்கள். மிகப் பழைய சிடிக்களை முதலில் எடுங்கள்.