உங்களுக்குத் தெரியுமா? பைக் டயருக்கும் பிறந்த தேதி உண்டு!

புது டயர் வாங்கும்போது பட்டனை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். பக்கவாட்டில், சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். ‘3224’ என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட்டில் தயாரானது. மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தைய சரக்கு, தொடவே வேண்டாம். கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். இறுகிய ரப்பர் மழை ரோட்டில் பிடிக்காது, பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

அதே டயரில் ‘100/90-17 55பி’ என்பதுபோல ஒரு வரியும் இருக்கும். அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். ‘பி’ என்பது மணிக்கு 150 கி.மீ. வேக வரம்பு. 55 என்றால், உரிய காற்றழுத்தத்தில் அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும். தினமும் பின்சீட்டில் ஆளும், டேங்கின் மேல் பையுமாகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பைக்கின் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த எண்ணை, விலை மலிவு என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

டயர் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும்.