பிள்ளைகளின் கையில் செய்திக் கமரா

பரமட்டாப் பக்கம் எப்போது ரி.வி. செய்தியில் வருகிறது? பெரும்பாலும் கத்திக்குத்து நடந்தால். எங்களைப் பற்றி வந்தால், படகைப் பற்றித்தான் வரும்.

ஹவாய்த் தீவுகளில் வையானே என்ற கடற்கரை ஊருக்கும் இதே மனக்குறை இருந்தது. பூர்வகுடிகள் நிறைந்த, வசதி குறைந்த ஊர். 1993-இல் அங்குள்ள ஹைஸ்கூலில் காண்டி சூயிசோ என்ற ஆசிரியை, மாணவரே வீடியோ தயாரிக்கும் பாடத்தைத் தொடங்கினார். 2011 பெப்ரவரி 28 அன்று ஹவாயின் பொதுத் தொலைக்காட்சி, பல தீவுகளின் மாணவர்கள் தத்தம் ஊர்ச் செய்தியைத் தாங்களே எழுதிப் படம்பிடிக்கும் 'ஹிக்கி நோ' நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அந்தப் பெயருக்கு 'செய்யமுடியும்' என்று பொருள்.

பிள்ளைகள்தானே என்று அங்கே விட்டுவிடுவதில்லை. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்; தரம் வந்த பிறகே ஒளிபரப்பு. பற்றுச்சீட்டு இல்லாத செலவை ஏட்டில் ஏற்றாத கணக்காளன் எனக்கு இது பிடித்துப்போனது.

இங்கே செய்வதற்குக் கைத்தொலைபேசியே போதும். ஆனால் 2023 நான்காம் தவணையிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் அரச ஹைஸ்கூல்களில் அதற்குத் தடை. பாட வேலைக்கென்றால் அனுமதி கேட்கவேண்டும். 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு யூரியூப் கணக்கு இல்லை. பாடசாலையோ பெற்றாரோதான் வெளியிடவேண்டும். ஒருவரின் தனிப்பட்ட பேச்சைச் சம்மதமில்லாமல் பதிவு செய்வதை இம்மாநிலத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சட்டம் சொல்லாத ஒன்று எங்கள் வீடுகளில் உண்டு. "எப்படி வந்தீங்கள் அம்மம்மா?" என்று பிள்ளை கேட்கும். அம்மம்மா ஊரின் பெயரைச் சொல்லுவா, அங்கே இருக்கும் தம்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவா. அந்த வீடியோவை முல்லைத்தீவிலும் பார்ப்பார்கள். விசா முடிவுக்குக் காத்திருப்பவர் பின்னால் நடந்துபோனால் அவர் முகமும் விழும். ஆகவே "எடுக்கலாமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. எங்கே போடுவோம், யார் யார் பார்க்கலாம், ஒருமுறை போட்டால் முழுதாக அழிக்கமுடியாது என்பதையெல்லாம் தமிழிலே விளங்கப்படுத்தவேண்டும். முகம் வேண்டாமென்றால் தோசை சுடும் கையைக் காட்டிக் குரலைப் போடலாம். குரலும் வேண்டாமென்றால் சொன்னதைப் பிள்ளையே வாசிக்கலாம்.

இந்தப் பயத்தால் பிள்ளையை முற்றாக மறிக்கும் பெற்றாரும் உண்டு. மறித்தால், எங்களைப் பற்றி மற்றவர்கள் எடுப்பதுதான் மிஞ்சும். பெண்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் விலை ஏன் ஏறியது என்று முதலில் விசாரிக்கட்டும். இரண்டு நிமிட வீடியோ போதும். விலையைக் கடைக்காரரிடம் இன்னொருமுறை கேட்டுச் சரிபார்த்த பிறகு போடட்டும்.