சிவப்பு லைற்றில் நின்றால் கார் நடுங்குகிறதா?



சிவப்பு லைற்றில் கார் நிற்கிறது. ஸ்ரேறிங் கைக்குள் நடுங்குகிறது. பக்கத்தில் வைத்த கோப்பி ததும்புகிறது. பின்சீற்றில் இருக்கும் பிள்ளை, "அப்பா, காருக்குக் குளிருதோ?" என்று கேட்கிறது. பச்சை விழுந்து அக்சிலறேற்றரை அமத்தியதும் நடுக்கம் போய்விடுகிறது. "ஓடுதுதானே, பிறகு பாப்பம்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டு நட்டப்பட்டவன் நான். மெக்கானிக் அல்ல, ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இப்போது ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். என் அனுபவத்தையும், வேலையிடத்தில் மெசின் திருத்தும் அண்ணை ஒருவர் சொல்லித் தந்ததையுமே இங்கே எழுதுகிறேன்.

என் கார் பத்து வருடம் பாவித்த நாலு சிலிண்டர் கார். நடுங்கத் தொடங்கியதும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எதையும் சோதிக்காமலே நாலு பிளக்கையும் மாற்றி, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழுவினோம் என்று சொல்லி 480 டொலர் வாங்கினார்கள். இரண்டு நாளில் நடுக்கம் திரும்ப வந்தது. செக் எஞ்சின் லைற் விட்டு விட்டு மினுங்கியது. இனிக் காசில்லை என்று அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டு இரண்டு கிழமை ஓடினேன். ஒரு இரவு 401 நெடுஞ்சாலையில் கார் இழுக்க மறுத்து ஓரத்தில் நின்றுவிட்டது. மூன்று இரவு வேலை போனது. அந்த மாத வாடகைக்கு மச்சானிடம் கைநீட்ட வேண்டி வந்தது.

அண்ணை கேட்டது ஒரு கேள்விதான். "லைற் மினுங்கேக்க ஆரடா உனக்கு ரேப் ஒட்டச் சொன்னது?"

நாலு சிலிண்டரும் முறை வைத்து வெடித்துத்தான் எஞ்சின் சுற்றுகிறது. நிற்கும்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 900 தடவைதான் சுற்றும். அந்த மெதுவான ஓட்டத்தில் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விட்டால், நாலு பேர் தூக்கும் கட்டிலில் ஒருவர் கையை விட்டதுபோல முழுக் காரும் ஆடும். வேகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே உள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். உருகினால் புகை போக வழி அடைபடும். என் காருக்கு நடந்தது இதுதான். அதை மாற்ற 1,400 டொலர் போனது. மூலக் காரணமோ 70 டொலர் கொயில் ஒன்று.

ஆகவே லைற் மினுங்கினால் வேகத்தைக் குறைத்து, முடிந்தளவு விரைவில் ஓட்டத்தை நிறுத்துங்கள். மினுங்காமல் நின்று எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு, அதற்காக மாதக்கணக்கில் விடக்கூடாது. ஒன்ராறியோவில் முன்பு கார்களுக்கு இருந்த புகைப் பரிசோதனையும் 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது. நாமே பார்க்காவிட்டால் பார்க்க ஆளில்லை.

கராஜுக்குப் போகுமுன் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கார் நடுங்கும்போது சுற்று காட்டும் முள் ஆடுகிறதா? முள் அசையாமல், சத்தமும் சீராக இருந்து, "டி" கியரில் மட்டும் நடுங்கி "என்" கியரில் குறைந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் பழுதாகியிருக்கலாம். முள் ஏறி இறங்கினால் குறை எஞ்சினிலேயே. அதோடு "உஸ்" என்று ஒரு சத்தமும் கேட்டால், குளிரில் வெடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றால் காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். பற்றரி மாற்றிய பிறகு மட்டும் நடுக்கம் வந்தால் பயப்படாதீர்கள். சில கார்களுக்குத் தன் ஓட்டத்தைத் திரும்பப் பழகச் சற்று நேரம் வேண்டும்.

அடுத்தது கோட் வாசிப்பது. 1998ம் ஆண்டு மொடலிலிருந்து கனடாவில் விற்ற கார்களில் ஸ்ரேறிங்குக்குக் கீழே அதற்கான சொக்கற் இருக்கும். சின்ன வாசிப்புக் கருவி பெரிய விலையில்லை, நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பி0300 என்றால் பல சிலிண்டர்கள் மாறி மாறி விடுகின்றன. பி0301 முதலாவது, பி0302 இரண்டாவது. என் காருக்கு வந்தது பி0302. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் கொயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டார் அண்ணை. கோட்டை அழித்துவிட்டு ஓட, பி0303 வந்தது. குறை கொயிலோடேயே போனதால் கொயில்தான் பழுது. பத்து நிமிட வேலை! கோட் இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக்கை மாற்றிப் பார்த்திருப்போம், அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டரோ சிலிண்டரின் அமுக்கமோ, அது மெக்கானிக்கின் வேலை. பி0171 வந்தால் பெற்றோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். சென்சரை மாற்று என்று அர்த்தமில்லை. ஹோஸைத்தான் முதலில் பாருங்கள்.

ஒன்று மறவாதீர்கள். குளிருக்காகக் கதவைப் பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நஞ்சுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

இனிக் கராஜில். இங்கே சட்டம் நமக்கும்தான். ஒன்ராறியோவில் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்த தொகைக்கு மேல் நூற்றுக்குப் பத்துக்குக் கூடுதலாக அவர்கள் வாங்க முடியாது. கழற்றிய பழைய சாமானைத் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. புதிதாகப் போட்ட சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 480 டொலருக்காகத் திரும்பப் போய்க் கதைத்திருப்பேன். ஆங்கிலம் வராதென்ற கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்றும் என் கார் சிவப்பு லைற்றில் சற்று நடுங்கியது. முள்ளைப் பார்த்தேன், அசையவில்லை. மவுண்டிங்தான் என்கிறார் அண்ணை. அடுத்த சம்பளத்தில் செய்ய இருக்கிறேன்.